மூன்று அரிசித் தங்கம்

தண்ணீர் குடித்துவிட்டேன் என்று பொய் சொல்லும் ஆண்களைச் சம்பூர்ணம் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே உள்ள தளத்தில், கதிர்வீச்சு மெஷின் இருக்கும் அறைக்கு வெளியே, சுவரை ஒட்டி ஒரு நீள பெஞ்சு. பெஞ்சின் ஓரத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஸ்டீல் ஜக்கும் டம்ளர்களும். எதிர்ச் சுவரில் கடிகாரம். இவ்வளவுதான் அவளுடைய உத்தியோகம். பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தவர்கள் மெஷினுக்குள் போகும் முன் வயிற்றைச் சுத்தமாகக் கழித்துவிட்டு, மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மலக்குடல் காலியாகவும் மூத்திரப்பை நிறைந்தும் இருந்தால்தான் சுரப்பி அதன் இடத்தில் நிற்கும், கதிர் வேறு எங்கும் பட்டுச் சுடாது. சம்பூர்ணம் ஊற்றிக் கொடுத்து, ஒரு சீட்டில் நேரத்தை எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன அவள் படிப்புக்கு அந்த வேலை போதும்.

ஆயிரம் பேரை வேலை வாங்கினேன் என்று பெஞ்சில் உட்கார்ந்து பீற்றிக்கொள்பவர்களுக்கு அரை லிட்டர் தண்ணீர் குடிக்கத் துப்பு இருக்காது. ஒருவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு மூன்று என்பார். ஒருவர் பாத்ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, முகத்தைக் கழுவினேன் என்பார். ஒரு கான்ட்ராக்டர் மூன்று டம்ளரையும் பக்கத்துத் தொட்டியில் ஊற்றினார். அது பிளாஸ்டிக் செடி. தண்ணீர் தொட்டியின் அடியிலிருந்து ஊர்ந்து வந்து அவருடைய ஷூவையே நனைத்தது. அப்போதும் குடித்தேன் என்றுதான் சொன்னார்.

சம்பூர்ணம் யாரிடமும் வாய் திறப்பதில்லை. மெஷினை ஓட்டும் ஹரிஷ் கதவைத் திறந்து, "ஆயம்மா, ரெடியா?" என்று கேட்பான். அவள் பெஞ்சைப் பார்க்காமல் தலையை மேலும் கீழும் ஆட்டுவாள், அல்லது பக்கவாட்டில் ஆட்டுவாள். அந்த ஆட்டலை எவ்வளவு பெரிய மனிதனும் மீறி உள்ளே போக முடியாது.

2009 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை அந்த பெஞ்சில் சின்னப்பா வந்து உட்கார்ந்தார்.

அவளுக்கு முகம் பார்த்துத் தெரியவில்லை. எழுபத்திரண்டு வயதில் கன்னம் தொங்கி, பல் செட் கட்டி, ரிச்சர்ட்ஸ் டவுனில் மகள் வீட்டில் சாப்பிட்டு ஊதிப்போயிருந்தார். பார்வையை வைத்துத்தான் தெரிந்தது. எதிரே போகிற ஒவ்வொருவரின் இடுப்பையும் முதலில் பார்த்தார், பிறகு கணுக்காலைப் பார்த்தார், பிறகு வாயைப் பார்த்தார். அப்படிப் பார்க்கிற ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். கோலார் தங்கவயலில், சுரங்க வாசலில், ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களைத் துணி அவிழ்த்துச் சோதித்த ஜமேதார் சின்னப்பா.

அந்த மனிதரின் வாழ்க்கையைச் சொல்லி முடிக்க நிறைய நேரம் ஆகாது. இருபத்தொரு வயதில் மாமா ஒருவரின் சிபாரிசில் காக்கி போட்டார். முப்பத்தைந்து வருடம் ஒரே அறையில் நின்றார். ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலிருந்து எட்டு மணி நேரம் கல் உடைத்துவிட்டு வருகிறவன் அவர் முன்னால் உடுப்பைக் கழற்ற வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். நாக்கைத் தூக்க வேண்டும். உட்கார்ந்து எழுந்து இரும வேண்டும். எல்லாம் எங்கே ஒரு துணுக்குத் தங்கக்கல்லை ஒளித்து வைத்திருப்பானோ என்பதற்காக. முப்பத்தைந்து வருடத்தில் அவர் கண்டுபிடித்தவை சில பீடிக்கட்டு, ஒரு டார்ச் பல்பு, ஊதினால் பறந்துபோகும் அளவு மினுமினுப்புத் தூள். ஜீப்பில் போகிறவர்களை அவர் சோதித்ததில்லை, சல்யூட் அடித்தார். ஆனால் சுரங்கத்தை மூடிய பிறகும், சர்ச்சிலும் கல்யாண வீட்டிலும், "என் கையைத் தாண்டி ஒரு குந்துமணி வெளிய போனதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பலர் அவர் முன்னால் உட்கார்ந்து எழுந்து இருமியவர்கள்.

சம்பூர்ணத்தின் புருஷன் ஆதிகேசவனும் அவர் முன்னால் இருமியவன்தான். 1992-இல் ஒரு நாள், சோதனை அறையில் அவன் தொண்டை அசைந்ததைச் சின்னப்பா பார்த்தார். "எதையோ முழுங்கினான்" என்றார். முழுங்கியது எச்சில்தான். ஜமேதார் முறைத்தால் யாருக்கும் தொண்டை அசையும். ஆதிகேசவனைப் பின் அறையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வாழைப்பழமும் விளக்கெண்ணெயும் கொடுத்து, ஒரு அலுமினியப் பேசினில் உட்கார வைத்தார்கள். முதல் நாள் முழுக்க வெட்கத்திலேயே அவனுக்கு வரவில்லை. மறுநாள் வந்தது. சின்னப்பா ஒரு சல்லடையை வைத்து, தண்ணீர் ஊற்றச் சொல்லி, குச்சியால் கிளறிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதைக் காகிதத்தில் எழுதும்போது, "இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை" என்று எழுதினார்.

அந்த 'இதுவரை'யால் விசாரணை நான்கு மாதம் முடியவில்லை. வேலை இல்லை. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில், குழாயடியில் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு, "இன்னா சம்பூர்ணம், உங்க வூட்டுக்காரர் வயித்துல எத்தினி பவுன் கீது?" என்று கேட்டார்கள். கேலிதான், ஆனால் தினமும். அந்த நான்கு மாதத்தில்தான் அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு அது பழகிவிட்டது.

இப்போது அந்த ஜமேதார் பின்பக்கம் நாடா முடிச்சுப் போட்ட பச்சை அங்கியில், உள்ளே எதுவும் போடாமல், அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முடிச்சு அவிழ்ந்திருந்தது. அவள் சொல்லவில்லை.

வழக்கமாக இந்த வைத்தியம் எட்டு வாரம் நடக்கும், சனி ஞாயிறு தவிரத் தினமும். அந்த வருடம்தான் ஆஸ்பத்திரியில் ஐந்தே நாளில் முடிக்கிற புது வைத்தியத்தை ஆரம்பித்திருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு தடவையும் கதிரின் அளவு பல மடங்கு அதிகம். அதனால் குறி ஒரு நூல் தப்பக்கூடாது. எட்டு வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் தள்ளிப் பட்டால் தாங்கிக்கொள்ளலாம், ஐந்தில் ஒன்று தள்ளிப் பட்டால் குடல் புண்ணாகி ரத்தம் போகும். குறி தப்பாமல் இருக்க, முன்கூட்டியே சுரப்பிக்குள் அடையாளம் வைப்பார்கள். அரிசி அளவில் மூன்று துண்டு. சுத்தத் தங்கம்.

டாக்டர் அனந்தலக்ஷ்மி இதைச் சின்னப்பாவுக்கு விளக்கியபோது சம்பூர்ணம் பக்கத்தில் ஜக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஆசனவாய் வழியாக ஸ்கேன் கருவியை விட்டு, ஊசியால் மூன்று அரிசியையும் உள்ளே வைத்தாகிவிட்டது, தினமும் படம் எடுத்து அந்த மூன்று புள்ளியும் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கதிர் என்றார். வைத்தியம் முடிந்தாலும் அது அங்கேயே இருக்கும், ஒன்றும் செய்யாது என்றார். சின்னப்பா இதில் எதையும் காதில் வாங்கவில்லை.

"எத்தினி கேரட்?" என்றார்.

"இருபத்துநாலு இருக்கும் சார்."

"எடை?"

"அதெல்லாம் ரொம்பக் கம்மி. நான் சொல்றது புரியுதா? வயிறு காலியா இருக்கணும்."

"எடை போட்டு வச்சீங்களா, போடாம வச்சீங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டு எழுந்து போனார். தங்கவயல்காரர் அல்லாதவர்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை முதல் வைத்தியம் ஒழுங்காக நடந்தது. புதன்கிழமை அவர் வந்தபோது வயிறு முட்டிக்கொண்டிருந்தது. போனீர்களா என்று ஹரிஷ் கேட்டதற்கு, "காலையிலேயே ஆச்சு" என்றார். சம்பூர்ணம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். ஹரிஷ் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"சார், புல்லா இருக்கு உள்ள. கோல்டு ஒரு சென்டிமீட்டர் முன்னால வந்திருக்கு. இன்னிக்கு ஆகாது. போய்ட்டு வெள்ளிக்கிழமை வாங்க."

"நகர்ந்திருச்சா?" சின்னப்பாவின் முகம் வெளுத்தது.

"ஆமா சார். கிளியர் பண்ணிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். நடக்கவே முடியாமல் காலை அகட்டி வைத்து வந்தார். மலம் இளக்குகிற மருந்து கொடுத்திருந்தார்கள். அதைக் குடித்த அடையாளமே இல்லை. ஹரிஷ் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, எனிமா கொடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் எழுந்து நின்று கத்தினார்.

"என் மேல எவனும் கை வைக்கக்கூடாது! நான் யார் தெரியுமா? முப்பத்தஞ்சு வருசம் சர்வீஸ்!"

"சார், உங்க நன்மைக்குத்தான்."

"என்னைத் துணி அவுத்து உக்கார வச்சு கேவலப்படுத்தறீங்களா?"

சம்பூர்ணம் டம்ளரைத் துடைத்தாள். துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள்.

டாக்டர் அனந்தலக்ஷ்மி பொறுமையாகத்தான் சொன்னார். ஆரம்பித்த வைத்தியத்தில் இவ்வளவு இடைவெளி விழுவது நல்லதல்ல. திங்கட்கிழமையும் இப்படியே வந்தால் ஐந்து நாள் வைத்தியத்தை நிறுத்த வேண்டியதுதான். வாங்கிய முதல் டோஸை வைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட வேண்டும், அது எப்படி முடியும் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். சின்னப்பா உடை மாற்றப் போனார்.

மகள் பிலோமினா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அழுவதற்கு யாராவது பக்கத்தில் வேண்டும். சம்பூர்ணம்தான் இருந்தாள்.

"டாடிக்கு என்ன ஆச்சுன்னே தெரியலம்மா. மூணு நாள் நாலு நாள் அடக்கறார். முடியாமப் போனா பாத்ரூம்ல ஒரு மணி நேரம் தாப்பா போட்டுக்கிறார். என் அலுமினியம் பேசினைக் காணோம். டீ வடிகட்டியக் காணோம். பாத்தா ரெண்டும் பாத்ரூம்ல இருக்கு! எதுக்கு டாடின்னா, நீ போடிங்கறார். வயசானா மூளை கலங்குமா?"

சம்பூர்ணத்தின் கை நின்றது.

பேசின். வடிகட்டி. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. படித்த டாக்டருக்கும், கம்ப்யூட்டரில் மனிதனின் உள்ளே பார்க்கிற ஹரிஷுக்கும் விளங்காதது, தங்கவயல் லைனில் பிறந்த யாருக்கும் விளங்கும். தங்கத்தை ஆசனவாய் வழியாக வைத்தார்கள். அந்த வழியாக உள்ளே போனது அந்த வழியாகத்தான் வெளியே வரும். ஜமேதார் சின்னப்பா வாழ்நாள் முழுக்கப் படித்த ஒரே பாடம் அது. நகர்ந்திருச்சு என்று ஹரிஷ் வேறு சொல்லிவிட்டான். தங்கம் வெளியே கிளம்பிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார். அதனால் இன்னும் இறுக்கி அடக்கிக்கொண்டார். அடக்க அடக்கச் சுரப்பி தள்ளப்பட்டது. தள்ளப்படப் படம் தப்பியது. முடியாதபோது வீட்டில் பேசினில் உட்கார்ந்து, தன்னுடையதைத் தானே சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எனிமா என்றால் மூன்றும் ஒரேயடியாகப் போய்விடும், கூட்டுகிறவன் எடுத்துக்கொள்வான்.

இதை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டாக்டர் சொல்லியிருப்பார். ஆனால் கேட்பது ஜமேதாரின் பழக்கமில்லை. எல்லோரும் திருடர்கள் என்று தெரிந்தவனுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

அன்று மாலை தங்கவயலுக்குத் திரும்பும் மாரிகுப்பம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சம்பூர்ணம் தனியாகச் சிரித்தாள். எதிரே இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள். பங்காருப்பேட்டை வரை சிரிப்பு அடங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது அவளுக்கு வேலையே இல்லை. திங்கட்கிழமை அந்த ஆள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வருவார், ஹரிஷ் திருப்பி அனுப்புவான், வைத்தியம் நின்றுபோகும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஜக்கும் டம்ளரும்தானே அவள் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆதிகேசவன் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, வணக்கம் சொல்லி முடிக்கிற வரை காத்திருந்து, அவனிடம் சொன்னாள். வடிகட்டியைச் சொல்லும்போது மறுபடி சிரித்துவிட்டாள்.

அவன் சிரிக்கவில்லை. "எத்தினி நாளா அடக்கிக்கினு கீறாரு?" என்றான்.

"கீறாராம்! அவன் இவன்னு பேசு. ஒரு வாரமா."

"எனக்கு ஒரு நாளே..." என்று நிறுத்தினான். வயிற்றைத் தடவிக்கொண்டான். "சொல்லிடு சம்பூ."

"இன்னாத்த சொல்றது? உன்ன பேசின்ல குந்த வச்சவன்யா அவன்."

"அதான் சொல்றேன். ஜமேதார் சார் வயசான மனுசன். தாங்க மாட்டாரு."

"சாராம் சாரு. உனக்கு ரோசம்னு ஒண்ணு இருந்தா நாலு மாசம் கதவ சாத்திக்கினு குந்தியிருப்பியா?"

அவன் கடலை உடைத்துத் தின்றான். இந்த மனிதனோடு பேசி என்ன ஆகப்போகிறது என்று அவள் துணி துவைக்கப் போய்விட்டாள். துணிமேல் விழுந்த அடியில் பாதி சின்னப்பா மேல் இருந்த ஆத்திரத்தில் விழுந்தது. மீதிப் பாதி, அது ஆதிகேசவனுடைய சட்டை என்பதற்காகவே விழுந்தது.

சட்டையைப் பிழியும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. சுரங்கத்துக்காரன் வீட்டு ஆட்கள் எல்லோரும் எதையாவது உள்ளே ஒளித்து வைத்திருப்பவர்கள், இதுதானே அந்த ஆள் முப்பத்தைந்து வருடமாகச் சொன்னது? வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆதிகேசவனிடம் கிடைக்காதது இப்போது அவளிடம் இருக்கிறது. இந்த உலகத்தில் சின்னப்பா சந்தேகப்பட்டுச் சரியாகப் போன ஒரே ஆள் அவளாக இருக்க வேண்டுமா? அந்த ஆளுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க அவளுக்கு இஷ்டமில்லை. அதற்காகச் செத்தாலும் சாகட்டும் என்று விட்டுவிடவும் முடியவில்லை. சனியன், சொல்லித் தொலைக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை அவர் சாம்பல் நிற முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிலோமினா மேலே சீட்டுப் போடப் போயிருந்தாள். சம்பூர்ணம் டம்ளரை வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சார், அது வராது."

"எது?"

"அரிசி."

அவர் சுற்றிலும் பார்த்தார். "எந்த அரிசி?"

"நீங்க பேசின்ல தேடற அரிசி. ஊசி அந்தப் பக்கமா போச்சு, வச்சது குடல்ல இல்ல சார். அதைத் தாண்டி, சுரப்பிச் சதைக்குள்ள. நூறு வாட்டி போனாலும் வராது."

"உனக்கு யாரு சொன்னது?"

"டாக்டரம்மா எல்லாருக்கும் சொல்வாங்க. உங்களுக்கும் சொன்னாங்க. நீங்க கேரட் கேட்டுக்கினு இருந்தீங்க."

அவர் பார்வை அவள் இடுப்புக்குப் போனது, கணுக்காலுக்குப் போனது, வாய்க்கு வந்தது. "நீ எந்த ஊரு?"

"சாம்பியன் லைன். ஆதிகேசவன் பொண்டாட்டி."

பதினேழு வருடமாக அந்தப் பெயரை இந்த ஆள் காதில் போட்டால் முகம் எப்படி மாறும் என்று அவள் நினைத்துப் பார்த்ததுண்டு. முகம் மாறவில்லை.

"எந்த ஆதிகேசவன்?"

"பேசின்ல ரெண்டு நாள் உக்கார வச்சீங்களே."

"எத்தினியோ பேர உக்கார வச்சேன்." பெருமையாகவே சொன்னார். வயிற்று வலியிலும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "அவன்கிட்ட ஏதாவது கிடைச்சுதா?"

"இல்ல."

"கெட்டிக்காரன்" என்றார் சின்னப்பா.

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இதற்கா இத்தனை வருடம் நெஞ்சுக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம் என்று இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத ஆள். எத்தனை சல்லடை போட்டாலும் ஒன்றும் கிடைக்காது.

அவள் எழுந்து போய் ஹரிஷின் கதவைத் தட்டினாள். இரண்டு வருடத்தில் அவள் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை. பேசினையும் வடிகட்டியையும் பற்றிச் சொன்னாள். ஹரிஷ் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டான்.

டாக்டர் அனந்தலக்ஷ்மி சின்னப்பாவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை, கண்ணால் எண்ணினால்தான் நம்புவார் என்று சம்பூர்ணம் சொல்லியிருந்தாள். முதல் திங்கட்கிழமைப் படம், புதன்கிழமைப் படம், வெள்ளிக்கிழமைப் படம். மூன்றிலும் மூன்று வெள்ளைப் புள்ளி.

"நகர்ந்தது தங்கம் இல்ல சார். நீங்க அடக்கினதால சுரப்பி முன்னால தள்ளிடுச்சு. அதோட சேர்ந்து இதுவும் போயிருக்கு. வெளிய வரல, வராது."

சின்னப்பா விரலை நீட்டி எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. அடுத்த படம். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்றாவது படத்தை இரண்டு தடவை எண்ணினார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுல ஒண்ணு எனக்கு வேணும். நீங்க கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு" என்றார்.

"எதுக்கு சார்?"

"மூணு இருந்துச்சுன்னு ரிக்கார்டு வேணும்ல. நாளைக்கு யாராவது ரெண்டுதான்னு சொன்னா?"

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். சீலும் வைத்தார். ஒரு மனிதன் உடம்புக்குள் இருப்பதற்கு அப்படிச் சுலபமாகக் கையெழுத்துக் கிடைக்கும் என்று சம்பூர்ணத்துக்குத் தெரியாது. இல்லாததற்கு ஆதிகேசவனுக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு எனிமாவுக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. பாத்ரூமில் இருபத்தைந்து நிமிடம் இருந்தார். ஒரு வாரத்துச் சுமை இறங்கும் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. பெஞ்சில் இருந்த மற்ற பெரிய மனிதர்கள் கூரையைப் பார்த்தார்கள். கதவைத் திறந்து வெளியே வந்தவர் கண்ணில் தண்ணீர் நின்றது, சோதனை அறையில் முப்பத்தைந்து வருடத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். வந்து உட்கார்ந்து, அவள் ஊற்றிய மூன்று டம்ளரையும் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். அவள் நேரம் எழுதினாள். பத்து ஐம்பது. முக்கால் மணி கழித்து ஹரிஷ் கதவைத் திறந்தபோது தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

சாயங்காலம் ஆதிகேசவன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"சொன்னியா?"

"சொன்னேன். நடந்துச்சு."

"என்னை ஞாபகம் வச்சிருந்தாரா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். "எந்த ஆதிகேசவன்னு கேட்டாரு."

அவன் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். "பாவம், எத்தினியோ பேரு. எப்பிடி ஞாபகம் இருக்கும்" என்றான். அன்று ராத்திரி அவள் அவனுக்குச் சோறு போடும்போது கரண்டியால் தட்டில் ஓங்கித் தட்டினாள். ஆனால் ரசத்தில் இருந்த தக்காளியெல்லாம் அவன் தட்டில்தான் விழுந்தது.

புதன், வெள்ளி, மறு திங்கள். மற்ற மூன்று நாளும் சின்னப்பா ஒழுங்காக வந்தார். வயிறு காலி. தண்ணீர் மூன்று டம்ளர். வாய் மட்டும் அடங்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்களிடம், எனக்கு இருபத்துநாலு கேரட் வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு வெறும் கதிர்தானே என்றார். என் கையைத் தாண்டி ஒரு குந்துமணி வெளியே போனதில்லை என்று ஆரம்பித்தார். மெஷினிலிருந்து வெளியே வந்ததும் ஒவ்வொரு நாளும் ஹரிஷிடம், "மூணும் இருக்கா?" என்று கேட்டார். ஹரிஷ் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். சம்பூர்ணத்தைப் பார்த்து ஒரு நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. வடிகட்டி மட்டும் திரும்ப அடுக்களைக்கு வந்துவிட்டதாகப் பிலோமினா சொன்னாள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிவாஜிநகரில் புதிது வாங்கினாளாம். நல்ல காரியம்.

கடைசி நாள் வைத்தியம் முடிந்தது. டாக்டர் கை கொடுத்தார், மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். சின்னப்பா பேண்ட் சட்டை போட்டு, தலை சீவி, சீல் வைத்த படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, லிப்டுக்குப் போகிற வழியில் ஸ்டூல் அருகே நின்றார். பிலோமினா லிப்டின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியுதே" என்றார் தணிந்த குரலில். "இனிமேலும் அது உள்ளேயேதான் இருக்கும்ல? எங்கயும் போயிடாதே?"

சம்பூர்ணம் அடுத்த ஆளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"இதுவரைக்கும் இருக்கு சார்."

"இதுவரைக்கும்னா?"

"இதுவரைக்கும்தான் சார். அப்பிடித்தான எழுதுவாங்க."

அவர் அங்கேயே நின்றார். ஏதோ ஞாபகம் வந்ததா, பயம் வந்ததா என்று அவள் பார்க்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள அங்கே ஒன்றும் இல்லை. "டாடி, வாங்க" என்று பிலோமினா கூப்பிட்டாள். அவருடைய கை அடிவயிற்றுக்குப் போய் அங்கேயே இருந்தது. லிப்டுக் கதவு மூடுகிற வரை எடுக்கவில்லை.

பெஞ்சில் புதிதாக வந்த ஒருவர் காலி டம்ளரை அவளிடம் நீட்டினார். நெற்றியில் சந்தனம், விரலில் நான்கு மோதிரம்.

"மூணும் குடிச்சிட்டேன்மா."

பிளாஸ்டிக் செடியின் தொட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஹரிஷ் கதவைத் திறந்து, "ஆயம்மா, ரெடியா?" என்றான்.

அவள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு, ஜக்கை எடுத்தாள்.